பூச்சட்டிக்குப் போன சீனித்தண்ணீர்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

உங்களை வரவேற்கும் தேநீர் விருந்தில் வந்து கொஞ்ச நேரம் பேசச் சொல்லி ஆஸ்பத்திரி மேட்ரன் போன் பண்ணினார். வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். பேசுகிறேன் என்று சொல்லவில்லை. நாலு பேர் என்னைப் பார்த்தால் தொண்டை அடைத்துக்கொள்ளும். நான் ஓய்வு பெற்ற அன்று கேக் வெட்டக் கூப்பிட்டார்கள். கத்தியைப் பக்கத்தில் நின்ற பெண்ணின் கையில் கொடுத்துவிட்டு டாய்லெட்டுக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது கேக் முடிந்திருந்தது. அதனால் எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன். யாராவது வாசித்துவிடுங்கள். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவள் எழுதியது, தப்பு இருந்தால் நீங்களே சரி பண்ணிக்கொள்ளுங்கள்.

நம் வேலையை எல்லோரும் அட்டெண்டன் வேலை என்பார்கள். சக்கர நாற்காலி தள்ளுவது, விரிப்பு மாற்றுவது, ஆளைக் கைத்தாங்கலாகப் படுக்க வைப்பது எல்லாம் உங்களுக்குப் பழக்கிவிடுவார்கள். அதைப் பற்றி எழுதி உங்கள் டீயை ஆற வைக்க மாட்டேன். நான் எழுத வந்தது ஓர் ஆப்பக்காரரைப் பற்றி, அவர் மனைவியைப் பற்றி, இருதயப் பிரிவின் காத்திருப்பு அறையில் இருந்த ஒரு பூச்சட்டியைப் பற்றி.

அவர் பெயர் வேண்டாம். பாசார் சந்தை ஓரத்தில் வண்டி போட்டு, சீனியும் தேங்காய்ப்பாலும் சேர்த்த ஆப்பம் சுட்டு விற்றவர். ஜார்ஜ்டவுனில் காலையில் வேலைக்குப் போகிற பாதிப் பேர் அவர் கையால் வாங்கித் தின்றிருப்பார்கள். மனைவியைக் கமலா என்று வைத்துக்கொள்வோம். தேங்காய் திருகுவது, பால் பிழிவது, மாவு கரைப்பது அவர் வேலை. அவருக்கு இன்னொரு வேலையும் இருந்தது. வீட்டுக்காரருக்கு நெடுநாளாக இனிப்பு நீர், சர்க்கரை வியாதி. நாள் முழுக்க ஊருக்கு இனிப்பு விற்கிற மனுஷன் தன் வாயில் ஒரு துளி போட்டுக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வதுதான் அது. சும்மா சொல்லக்கூடாது, காவல் காப்பதில் போலீஸ்காரரே அவரிடம் தோற்றுப்போவார்.

ஆப்பக்காரருக்குக் கொஞ்ச நாளாக மூச்சு வாங்கியது. வண்டியைத் தள்ளினால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். கால் வீங்கியது. இருதயத்தை எக்கோ எடுத்துப் பார்த்ததும் டாக்டர் இருவரையும் உட்கார வைத்துப் பேசினார். நாற்காலி தள்ளிக்கொண்டு போன நானும் சுவரோரம் நின்றேன். டாக்டர் நம் பிள்ளைதான், புக்கிட் மெர்தாஜாம் பக்கத்துத் தம்பி. திரையைக் காட்டினார்.

"இங்க பாருங்க அண்ணே, இருதயம் சுருங்கி விரியுது. இந்த முன்பக்கச் சுவரு மட்டும் சும்மா நிக்குது. சரியா சுருங்கல."

"செத்துப்போச்சா டாக்டர்?" என்றார் கமலா. சுற்றி வளைக்கத் தெரியாதவர்.

"அதைத்தான் இன்னும் சொல்ல முடியலக்கா. ரத்தக் குழாய் பல வருஷமா கொஞ்சம் கொஞ்சமா அடைச்சிருக்கு. ரத்தம் கிடைக்காம அந்தச் சதை செத்து வெறும் தழும்பா ஆகியிருக்கலாம். இல்லன்னா, வர்ற ரத்தம் பத்தாதுன்னு தன் வேலையைக் குறைச்சிக்கிட்டு உயிரை மட்டும் பிடிச்சிக்கிட்டுக் கிடக்கலாம். எக்கோவுல பார்த்தா ரெண்டும் ஒரே மாதிரிதான். அசையாது."

ஆப்பக்காரர் திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"டாக்டர், என் வண்டியில வரிசையா அடுப்பு. கேஸ் குழாய் எங்கயாவது மடங்கிக்கிச்சுன்னா நெருப்பு சின்னதா, நீலமா, ஒட்டிக்கிட்டு நிக்கும். ஆப்பம் வேகாது. பார்க்கிறவன் அணைஞ்சிருச்சுன்னு நினைப்பான். குழாயை நிமித்திவிட்டா குப்புன்னு பத்திக்கும். அந்த மாதிரியா?"

டாக்டர் சிரித்துவிட்டார். "அதேதான்ணே. இனிமே நானும் எல்லாருக்கும் இப்படித்தான் சொல்லப்போறேன்."

"இவருகிட்ட கேட்காதீங்க டாக்டர். சாவைப் பத்திப் பேசினாலும் ஆப்பத்துல கொண்டாந்து நிறுத்துவாரு," என்றார் கமலா.

டாக்டர் சிரிப்பை விட்டுவிட்டுச் சொன்னார். நெருப்பு அணைந்திருந்தால் ஆப்பரேஷன் செய்து புதுக் குழாய் வைத்தாலும் பயன் இல்லை. இந்த இருதயத்துக்கு ஆப்பரேஷனே ஆபத்து. பயன் இல்லாமல் அந்த ஆபத்தில் இறங்க மாட்டார்கள், மாத்திரையோடு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். நெருப்பு இருந்தால் ஆப்பரேஷன் செய்தே ஆக வேண்டும். எது என்று தெரிய ஒரு ஸ்கேன். உயிரோடு இருக்கும் சதை சீனியைச் சாப்பிடும், செத்த சதை சாப்பிடாது. படத்தில் தெரிகிற மருந்து சேர்த்த சீனியை உடம்புக்குள் ஏற்றி, எங்கே போய்ச் சேர்கிறது என்று படம் எடுப்பார்கள். அதற்கு முன்னால் குடிக்க ஒரு கப் சீனித்தண்ணீர் கொடுப்பார்கள்.

இதைச் சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில் மருந்து எடுக்க அவர்களுடைய நம்பர் வந்துவிட்டது. விட்டால் மறுபடி வரிசை. கமலா பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். சீனித்தண்ணீர் பேச்சு அவர் காதில் விழவே இல்லை. வீட்டுக்குப் போய் ஆப்பக்காரர் சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை என்று பிற்பாடு கேட்டேன். "சொன்னா விடுவாளா?" என்றார்.

ஸ்கேன் அன்று காலையில் வெறும் வயிற்றோடு வந்தார்கள். அந்தப் பிரிவில் ஒரு மூத்த சீன நர்ஸ் இருந்தார், மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம். தமிழ் வராது, எங்களுக்குள் மலாய்தான். எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர்களில் அவரை மட்டும் நான் இன்றும் நினைத்துக்கொள்கிறேன். யாரையும் விரட்ட மாட்டார், யாரிடமும் குழைய மாட்டார். அவர் கப்பில் சீனித்தண்ணீரைக் கலக்கி ஆப்பக்காரர் கையில் கொடுத்து, முழுக்கக் குடிக்கச் சொன்னார். அந்த நேரம் பார்த்து உள்ளே ஒரு நோயாளிக்குத் தலை சுற்ற, மிஸ்ஸி அங்கே போனார். நான் வேறொருவரை எக்ஸ்ரேக்குத் தள்ளிக்கொண்டு போனேன்.

திரும்பி வந்தபோது கப் காலியாக இருந்தது. மிஸ்ஸி கதவருகே நின்று, குடித்தாகிவிட்டதா என்று கேட்டார். ஆப்பக்காரர் "சூடா, சூடா" என்று தலையை ஆட்டினார், மலாயில் ஆகிவிட்டது என்று. கமலா எதிர்ச்சுவரில் இருந்த புகைபிடிக்கக்கூடாது படத்தை அவ்வளவு கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர்கள் உட்கார்ந்திருந்த இடத்துக்குப் பக்கத்தில் ஒரு பெரிய பூச்சட்டி. அதற்குத் தண்ணீர் ஊற்றுவது நான்தான், அன்று இன்னும் ஊற்றவில்லை. கொஞ்ச நேரம் கழித்து நாற்காலிகளைத் துடைத்துக்கொண்டே அந்தப் பக்கம் வந்தால், சட்டியின் விளிம்பில் எறும்பு வரிசை கட்டி ஏறிக்கொண்டிருந்தது. மண் ஈரமாக இருந்தது. துணியால் விளிம்பைத் துடைத்தேன். பிசுபிசு என்று ஒட்டியது.

நிமிர்ந்தேன். கமலா என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மெதுவாகச் சொன்னார்.

"அக்கா, நீங்க நம்ம ஆளு. கண்டும் காணாம போயிடுங்க."

நான் தலையை ஆட்டினேனா இல்லையா என்று எனக்கே நினைவில்லை. துணியை அலசப் போனேன். ஒன்று சொல்கிறேன், கேளுங்கள். அந்தச் சீனித்தண்ணீர் எவ்வளவு முக்கியம் என்று அப்போது எனக்குச் சரியாகத் தெரியாது. டாக்டர் சொன்னதில் பாதி புரிந்தது, பாதி பறந்துவிட்டது. சொன்னால் அந்தப் பெண்ணுக்குத் திட்டு விழுமே என்று இருந்தது. இது என் வேலையா என்றும் இருந்தது. வாயை மூடிக்கொண்டு இருப்பதில் எனக்கு நல்ல பழக்கம். முன்னே பாயான் லெப்பாஸ் பேக்டரியில் இருந்தபோதும் அப்படித்தான், இங்கேயும் அப்படித்தான். அதனால் எனக்கு ஒரு கெடுதலும் வந்ததில்லை.

அப்போது மிஸ்ஸி தட்டோடு வந்தார். ஆப்பக்காரரின் விரலில் குத்தி ரத்தத்தில் சீனி எவ்வளவு என்று பார்த்தார். பிறகு தட்டிலிருந்து இன்சுலின் ஊசியை எடுத்தார்.

இன்சுலின் எனக்குத் தெரியும். போட்டபிறகு சாப்பிட மறந்தவர்களை வார்டில் பார்த்திருக்கிறேன். சட்டையெல்லாம் வியர்வையில் நனைந்து, கை நடுங்கி, கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காமல் கிடப்பார்கள். மிஸ்ஸி ஆப்பக்காரரின் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஆப்பக்காரர் மனைவியைப் பார்த்தார். மனைவி சுவர்ப் படத்தைப் பார்த்தார்.

"மிஸ்ஸி, நந்தி டுலு!"

கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்ல நினைத்தேன். கத்தியே விட்டேன் போலிருக்கிறது. அறையில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். மிஸ்ஸியின் கை அப்படியே நின்றது.

"என்ன?" என்றார்.

அவ்வளவுதான். ஒரு சொல் வரவில்லை. விரலை நீட்டிப் பூச்சட்டியைக் காட்டினேன். மிஸ்ஸி பூச்சட்டியைப் பார்த்தார், எறும்பைப் பார்த்தார், காலிக் கப்பைப் பார்த்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் கமலா எழுந்துவிட்டார்.

"ஆமா, நான்தான் ஊத்தினேன்! அதுக்கு என்ன இப்ப? இனிப்பு நீர்க்காரனுக்கு யாராவது கப்பு நிறைய சீனித்தண்ணி குடுப்பாங்களா? அந்த ஓரத்துல உட்கார்ந்திருக்காரே சீனப் பெரியவரு, அவருக்குக் குடுக்க வேண்டியதை மாத்தி இவருகிட்ட குடுத்துட்டாங்க. நான் சத்தம் போட்டா அந்த மிஸ்ஸி வேலைக்குப் பிரச்சினை வருமேன்னுதான் யாருக்கும் தெரியாம ஊத்தினேன். நல்லது பண்ணினா இப்படித்தான்லா!"

"நான் குடிக்கிறேன்னுதான் சொன்னேன்," என்றார் ஆப்பக்காரர். "வாய்கிட்ட கொண்டுபோனேன். பிடுங்கிட்டா."

"நீங்க பேசாதீங்க. குடிச்சாச்சுன்னு பொய் சொன்னது யாரு?"

"உன்னைக் காட்டிக்குடுக்கச் சொல்றியா?"

மிஸ்ஸிக்கு ஒன்றும் புரியவில்லை. என்னைப் பார்த்தார். வேறு யாரும் தமிழ் தெரிந்தவர்கள் அங்கே இல்லை. அத்தனை பேர் பார்க்க, கமலா சொன்னதை நான் மலாயில் சொல்ல வேண்டியதாயிற்று. சொன்னேன். மிஸ்ஸியின் வேலைக்காகத்தான் மறைத்து ஊற்றினார் என்பதையும் விடாமல் சொன்னேன். அதை விட்டுவிட்டால் அது முழு உண்மை ஆகாது என்று தோன்றியது.

இந்த இடத்தில் மிஸ்ஸி செய்ததை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஊசியைத் தட்டில் வைத்தார். உயரம் குறைந்த முக்காலி ஒன்றை இழுத்துப்போட்டுக் கமலாவுக்கு எதிரில் உட்கார்ந்தார். ஆப்பக்காரரின் கையில் கட்டியிருந்த பட்டியில் உள்ள பெயரைக் காட்டி, ஆள் மாறவில்லை என்றார். பிறகு, கப்பைக் கையில் கொடுத்துவிட்டு நின்று பார்க்காமல் போனது தன் தவறு என்றார். அத்தனை பேர் முன்னால் சொன்னார். அதன் பிறகுதான் சீனித்தண்ணீர் எதற்கு என்று விளக்கினார். அவர் மலாயில் சொல்லச் சொல்ல நான் தமிழில் சொன்னேன்.

"அக்கா, சதை உயிரோட இருந்தாலும், உடம்புல சீனி போதுமான அளவு இல்லன்னா அது சீனியை எடுத்துக்காதாம். அப்பப் படம் எடுத்தா உயிரோட இருக்கிறதும் செத்தது மாதிரியே தெரியுமாம். டாக்டர் அந்தப் படத்தைப் பார்த்துட்டு ஆப்பரேஷன் வேணாம்னு சொல்லிடுவாராம்."

கமலாவின் கை சேலைத் தலைப்பைப் பிடித்தது.

"அப்புறம் அந்த ஊசி. குடிச்ச சீனி இன்னும் ஏறும்னு கணக்குப் பண்ணித்தான் போட இருந்தாங்களாம். சீனியே உள்ள போகாம போட்டிருந்தா இவரு மயங்கியிருப்பாராம்."

"அப்ப நான் ஊத்தினது..." கமலா பூச்சட்டியைத் திரும்பிப் பார்த்தார்.

"இன்னும் படம் எடுக்கல. நேரம் இருக்கு," என்றேன். இது மிஸ்ஸி சொன்னதில்லை, நானாகச் சொன்னது. சரிதானா என்று மிஸ்ஸியைக் கேட்டுக்கொண்டேன். சரிதான் என்றார்.

டாக்டரிடம் சொல்லிவிட்டு, மிஸ்ஸி மறுபடியும் கலக்கினார். இந்தத் தடவை கப்பைக் கமலாவின் கையில் கொடுத்தார். கமலா அதை மோந்து பார்த்தார். வீட்டுக்காரரைப் பார்த்தார்.

"குடிங்க."

"மெதுவா குடிக்கட்டுமா?"

"ஏன்?"

"இனிமே எப்பக் கிடைக்கும்னு தெரியாது. அதுவும் உன் கையால."

சீனப் பெரியவர் உட்பட எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அவருக்கு என்ன புரிந்ததோ. கமலா மட்டும் சிரிக்கவில்லை. மிஸ்ஸி அசையாமல் நின்று கடைசிச் சொட்டு இறங்கும்வரை பார்த்தார். அன்றிலிருந்து அந்தப் பிரிவில் அதுதான் சட்டம். குடிக்கக் கொடுத்தவர் குடித்து முடிக்கும்வரை நிற்க வேண்டும். இப்போது உங்களுக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுப்பார்கள். ஏன் என்று கேட்டால் இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

கமலா அன்று முழுக்க என்னிடம் பேசவில்லை. போகும்போது வாசலில் நான்தான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். நம்ம ஆளு என்று நம்பினவரை நான் எல்லோர் முன்னாலும் காட்டிக்கொடுத்தேன் அல்லவா. செய்தது சரி என்று தெரிந்தும் ராத்திரி சோறு இறங்கவில்லை. இந்த வேலையில் இப்படியும் நடக்கும், தம்பி. சரியானதைச் செய்த நாளில் எல்லாம் யாரும் வந்து கையைப் பிடித்துக்கொள்ள மாட்டார்கள். மறுநாள் வேலைக்கு வர வேண்டியதுதான்.

மிஸ்ஸி அன்று மதியம் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். பாராட்டப் போகிறார் என்று நினைத்து வெட்கத்தோடு போனேன். அவர் கேட்டது வேறு. "எறும்பை எப்போது பார்த்தாய்?" என்றார். சொன்னேன். "நான் ஊசியை எடுக்கும்வரை ஏன் காத்திருந்தாய்?" என்றார். அது முக்கியமா என்று தெரியவில்லை என்றேன். "முக்கியமா இல்லையா என்று பார்ப்பது என் வேலை. பார்த்ததைச் சொல்வது உன் வேலை. வாயில் வராவிட்டால் பரவாயில்லை. இன்றைக்குக் காட்டினாய் பார், அந்த மாதிரி விரலைக் காட்டு. ஆனால் சீக்கிரம் காட்டு," என்றார். அவரிடம் நான் வாங்கிய பாடம் அவ்வளவுதான். ஓய்வு பெறும்வரை அதை வைத்துத்தான் வேலை செய்தேன். எங்கெங்கேயோ விரலை நீட்டியிருக்கிறேன். பல தடவை ஒன்றும் இருக்காது. மிஸ்ஸி ஒருநாளும் அலுத்துக்கொண்டதில்லை.

படத்தின் முடிவு சொல்லும் அன்றும் நாற்காலி தள்ளினது நான்தான். டாக்டர் இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். ஒன்றில் ரத்தம் போகிற இடம், மற்றதில் சீனி போன இடம். முன்பக்கச் சுவரில் ரத்தம் மங்கலாக இருந்தது. சீனிப் படத்தில் அதே இடம் பளிச்சென்று இருந்தது.

"பசியோட கிடக்குதண்ணே. சாகல," என்றார் டாக்டர்.

நுனியில் கொஞ்சம் தழும்புதான், அது திரும்பாது என்பதையும் மறைக்காமல் சொன்னார். ஆனால் பெரும்பகுதி தூங்குகிறது, எழுப்பிப் பார்க்கலாம் என்றார். கமலா அழவில்லை. "எந்தத் தேதி டாக்டர்?" என்றுதான் கேட்டார்.

ஆப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆனால் இருதயம் உடனே எழுந்துவிடவில்லை. முதல் எக்கோவில் சுவர் முன்பு போலவே நின்றது. கமலாவின் முகம் கறுத்துவிட்டது. நெடுநாள் ஒடுங்கிக் கிடந்த சதை, தேறி வரச் சில மாதம் ஆகும் என்று டாக்டர் சொன்னார். "குழாயை நிமித்தின உடனே பத்திக்கும்னு சொன்னீங்களே?" என்று கமலா வீட்டுக்காரரைக் கடிந்துகொண்டார். "அது கேஸ் அடுப்பு. இது கரி அடுப்பு போல," என்றார் அவர். "விசிறணும்."

விசிறினார்கள். நடக்கச் சொன்ன தூரம் நடந்தார், மாத்திரை தப்பவில்லை. அடுத்த எக்கோவுக்கு அவர் வந்தபோது நான் நாற்காலியோடு வாசலில் நின்றேன். வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு நடந்தே உள்ளே போனார். எக்கோ அறை இருட்டாக இருக்கும், உங்களுக்குத் தெரியும். கமலாவும் நானும் சுவரோரம் நின்றோம். திரையில் இருதயம் தெரிந்தது. அந்த முன்பக்கச் சுவர் உள்ளே வந்தது. போனது. மறுபடி வந்தது. மற்றச் சுவர்கள் அளவுக்கு வேகமாக இல்லை, நுனி அசையவும் இல்லை. ஆனால் வந்தது. எனக்குப் படம் பார்க்கத் தெரியாது, அது எனக்கே தெரிந்தது.

இருட்டில் கமலா என் மணிக்கட்டைப் பிடித்தார். டாக்டர் விளக்கைப் போட்டதும் விட்டுவிட்டார்.

நான் ஓய்வு பெற்ற பிறகு வந்த தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போனேன். வெயில் ஏறிவிட்டது. வழி நெடுக தண்ணீர்ப் பந்தல்கள், ஒலிபெருக்கிச் சத்தம், ஜனநெருக்கம். ஓரமாக ஒதுங்கி நடந்துகொண்டிருந்தவளை யாரோ கையைப் பிடித்து ஒரு பந்தலுக்குள் இழுத்தார்கள். கமலா. உள்ளே ஆப்பக்காரர் பெரிய அண்டாவிலிருந்து ரோஸ் சிரப் தண்ணீரை மொண்டு மொண்டு கப்பில் ஊற்றிக்கொண்டிருந்தார். கை நிற்கவே இல்லை. மூச்சும் வாங்கவில்லை. என்னைப் பார்த்ததும் ஒரு கப்பை நிறைய ஊற்றி நீட்டினார்.

"எப்படி இருக்குன்னு சொல்லுங்கக்கா. நான் கேட்டுத்தான் தெரிஞ்சிக்கணும்."

ஒரு வாய் குடித்தேன். அவ்வளவு தித்திப்பு. எனக்கு இனிப்பு பிடிக்காது. மீதியை என்ன செய்வது என்று மெதுவாகச் சுற்றிலும் பார்த்தேன். பந்தல் காலோடு சேர்த்துக் கட்டியிருந்த வாழை மரம் என் கண்ணில் பட்டது. கமலாவின் கண்ணிலும் பட்டுவிட்டது. வந்து எனக்கும் வாழைக்கும் நடுவில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"என் கண்ணு முன்னாடி குடிச்சு முடிங்க," என்றார்.

கடைசிச் சொட்டு இறங்கும்வரை நின்று பார்த்துவிட்டுத்தான் கப்பை வாங்கிக்கொண்டார்.